4 மணிக்குள் பேக்கிங்

ஏப்ரல் 15

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பெயிண்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், வலை இழுக்கும் வின்ச்சுகளின் பிரேக்குக்குப் புது ஸ்பிரிங் மாற்றுவார்கள். ஐம்பத்து மூன்று படகுகளுக்கு எங்கள் கம்பெனி ஸ்பிரிங். 'எங்கள்' என்று எழுதுவது பழக்கதோஷம். இருபத்திரண்டு வருஷமாக அங்கே என் வேலை, சோதனை அறையில் ஸ்பிரிங் எப்போது துருப்பிடிக்கிறது என்று பார்த்து எழுதுவது.

மேனேஜர் நாற்காலியில் மச்சாது உட்கார்ந்து இன்றோடு எட்டு மாதம். டிப்ளமா. என்னைவிடப் பதினோரு வயது இளையவன். நான் உலோகவியலில் எம்.டெக். முதலாளி அன்று சொன்ன காரணம் இது: "அவனுக்கு ஆளுகள மேய்க்கத் தெரியும் குத்தாலிங்கம். நீங்க உங்க ரூம பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 20

கூட்டம். போன வருஷம் கொடுத்த ஸ்பிரிங்குகளில் பாதி இரண்டே மாதத்தில் துருவேறிவிட்டதாகப் படகுக்காரர்கள் புகார். இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் அப்படித்தான். சுருளும் சுருளும் தொடுகிற இடத்துக்குள் தூரிகை போகாது. உப்புக் காற்று போகும். துரு அங்கேதான் பிறக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்பே பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன், துத்தநாக முலாம் பூசுங்கள் என்று. நல்ல ஆங்கிலத்தில். முதல் பக்கத்தில் தேநீர்க் குவளையின் வட்டத்தோடு திரும்பி வந்தது. மற்றப் பக்கங்கள் புரட்டப்படவே இல்லை.

இன்று மச்சாது எழுந்து, முலாம் பகுதி ஒன்று தொடங்கப் போகிறோம் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். "இது அண்ணாச்சி அன்னைக்கே எழுதுனதுதான். நான் இப்பதான் வாசிச்சேன்" என்று என் பக்கம் கை காட்டினான். பெருந்தன்மையைக் காட்டிக்கொள்கிறானாம்.

அப்புறம் இந்த 'அண்ணாச்சி'. தொழிலாளிகளுக்கு முன்னால். கடையில் அரிசி நிறுப்பவனையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன்பிருந்த மேனேஜரை இவன் ஒரு நாளாவது அண்ணாச்சி என்று கூப்பிட்டதுண்டா? சார், சார் என்று பின்னாலேயே போனான்.

ஏப்ரல் 27

தொட்டிகள் வந்துவிட்டன. ஆள் உயர மின்னடுப்பு ஒன்றும் வந்தது. என் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் கேட்டிருந்த அதே அளவு. முலாம் பகுதிக்குப் பேச்சித்தாயும் நான்கு பெண்களும்.

காபி குடித்துக்கொண்டிருந்தபோது மச்சாது வந்தான். "அண்ணாச்சி, பேச்சித்தாயக்கா செட்டு வாசிக்க ஏத்த மாதிரி, என்ன என்ன செய்யணும்னு தமிழ்ல ஒரு அட்டை எழுதித் தாங்களேன். உங்க கைப்பட."

பதினான்கு பக்கத்தை ஓர் அட்டையில். காபி ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தேன். அவன் அதற்குக் கண்ணாடிக் காகிதம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான்.

ஏப்ரல் 30

வீட்டில் கோமுவுக்கு முழங்கால் வலி. தைலம் வாங்க வேண்டும்.

மே 6

முலாம் பகுதிக்கு நான் போவதில்லை. அமில வாடை. இன்று உப்புச் சோதனைக்கு மாதிரி எடுக்கப் போனேன். மின்னடுப்பின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஐந்து தூக்குச்சட்டிகள்.

"என்னம்மா இது?"

"சாப்பிட்ட சட்டி சார்" என்றாள் பேச்சித்தாய். "உலத்துனது போக அடுப்பு சும்மாதான கெடக்கு, இதுல வச்சா மத்தியானம் சோறு சூடா இருக்கும்லா. அறுபதுலதான் வைக்கோம். போன வாரம் இந்தச் செல்லக்கனி நூறுல வச்சு, மூடி ரப்பர் எல்லாம் உருகி, கொழம்புல ரப்பர் வாசன."

"அதையும் நீதான தின்ன?" என்றாள் செல்லக்கனி.

"ஸ்பிரிங் எங்கே?"

"பேக்கிங் ஆயிட்டு சார். மணி மூணே முக்கா. ஒரு நாளும் நாலு தாண்டினதில்ல. மேனேஜர் தம்பி போன சனிக்கிழமை எல்லாத்துக்கும் மக்ரூன் வாங்கித் தந்தாவ."

சுவரில் அட்டையைப் பார்த்தேன். சிரித்துவிட்டேன். அவளும் கூடச் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

மே 7

பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். பூசிய நான்கு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, இருநூறு டிகிரியில் பல மணி நேரம் சுட்டால்தான் வெளியேறும். சுடாவிட்டால் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. துருவும் பிடிக்காது. ஆனால் அழுத்திப் பொருத்தி வைத்த பிறகு, மூன்றாம் நாளோ முப்பதாம் நாளோ, கண்ணாடி மாதிரி ஒடியும். வின்ச் உருளையைப் பிரேக் பிடித்து வைத்திருப்பது நான்கு ஸ்பிரிங்குகள். அவை போனால் பிரேக் போகும். வலையின் பாரம் உருளையைச் சுழற்றிக்கொண்டு கடலுக்குள் ஓடும். பக்கத்தில் கயிற்றில் கை வைத்திருப்பவன் கதி என்ன என்று எழுத வேண்டியதில்லை.

அட்டையின் கடைசி வரி: '4 மணிக்குள் பேக்கிங்.'

அதாவது, நான்கு மணி நேரத்துக்குள் அடுப்பில் சுட வேண்டும். அவர்கள் கடிகாரத்தில் நான்கு அடிப்பதற்குள் பெட்டியில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் சுடுவதற்கு ஒரு சொல், கட்டுவதற்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் பேக்கிங். ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்தே இருக்காது. தமிழில் வேண்டும் என்று கேட்டது மச்சாது.

நாளைக்கு அவனிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஆதாரமில்லாமல் போனால் பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். முதலில் சோதனை.

மே 8

பத்து ஸ்பிரிங் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் போல்ட்டை விட்டு, பிரேக்கில் இருக்கும் அளவுக்கு நட்டால் இறுக்கி, மாடிப்படிக்குக் கீழே உள்ள பலகையில் வரிசையாக வைத்திருக்கிறேன். பகலில் நான் இருக்க மாட்டேன். எது ஒடிந்தாலும் தேதியும் நேரமும் ஒரு சீட்டில் எழுதி அதன் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லி கோமுவிடம் பசையும் கொடுத்தேன்.

"எதுக்குங்க?"

"ஆபீஸ் விஷயம்."

மே 11

மாலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கோமு சொன்னாள்: "பதினொன்னரைக்கு டக்குன்னு ஒரு சத்தம். படம் ஏதும் விழுந்துட்டோன்னு பாத்தா உங்க ஸ்பிரிங்கு. ரெண்டு துண்டு. எழுதி ஒட்டிட்டேன்."

முறிவு பளபளவென்று சர்க்கரைப் பரல் மாதிரி இருந்தது. நான் படித்த படிப்பு பொய்யாகவில்லை. வெகுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 13

மச்சாதுவின் அறைக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டே, உட்காருங்கள் என்று கையால் காட்டினான். எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். போனில் யாரோ படகுக்காரன், ஒரே சிரிப்பு. வந்துவிட்டேன்.

பிறகு சோதனை அறைக்கே வந்து, "என்னண்ணாச்சி, வந்துட்டுப் போயிட்டிய? என்ன விசயம்?" என்று கேட்டான். உப்புத் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்றேன்.

ஒரே ஒரு முறிவு ஆதாரம் ஆகாது.

மே 15

மூன்று.

மே 19

ஐந்து. கோமு சீட்டுகளை நேர்வரிசையில் ஒட்டுகிறாள். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

மே 23

உப்புச் சோதனையின் முடிவு. பெட்டிக்குள் உப்பு நீரைப் புகைபோல் பீய்ச்சிக்கொண்டே இருந்தும் நான்கு நாளில் ஒரு ஸ்பிரிங்கில்கூடச் செந்துரு இல்லை. தாளில் கையெழுத்துப் போட்டேன். சோதனை கேட்ட கேள்வி துரு பிடிக்கிறதா என்பது. பிடிக்கவில்லை. அதற்குத்தான் கையெழுத்து. வேறு எதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மச்சாது தாளை வாங்கிக்கொண்டு துள்ளாத குறை. "அண்ணாச்சி, எங்க ரெமி அண்ணன் படகுக்குத்தான் மொத செட்டு. போன வருசம் அவன் என்னைய நாறடிச்சுட்டான். 'நீ விக்கிறது ஸ்பிரிங்கா, செங்கல்பொடியா'ன்னு. இந்த வருசம் பேசட்டும் பாப்போம்."

ரெமிஜியுஸ் அவனுடைய சொந்த அண்ணன். சொந்தப் படகு, தானே ஓட்டுகிறான்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டு, "கொஞ்சம் சிரிங்கண்ணாச்சி. உங்க பல்லு என்ன கலர்னே எங்க யாருக்கும் தெரியாது" என்றான். அங்கே நின்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள்.

மே 30

ஏழு.

ஜூன் 4

ஐம்பத்து மூன்று படகுகளிலும் பொருத்தி முடித்துவிட்டார்களாம். இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்பிரிங்.

கணக்குப்படி இப்போதே சில ஒடிந்திருக்க வேண்டும். பிரேக்கின் மூடிக்குள் இருப்பதால் தெரியாது. கடலில் பாரம் ஏறும்போதுதான் தெரியும். சொல்வதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. பத்து நாள் போதுமானது. கழற்றிச் சுட்டு மாட்டுவதால் பயனில்லை. விரிசல் விட்டதைச் சூடு ஒட்டாது. புதிதாகச் செய்ய வேண்டும். இராப்பகலாகச் செய்தால் பத்து நாளில் முடியும்.

ஜூன் 9

இப்போது சொன்னால், மே மாதமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பான்.

ஜூன் 12

கோமுவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். திரும்பும்போது ஆட்டோ கடற்கரை வழியாக வந்தது. படகுகள் எல்லாம் புதுப் பெயிண்ட்டில் இருந்தன. "கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றாள்.

ஜூன் 14

இன்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை. மச்சாது மாதா கோயில் பூசை முடிந்து துறைமுகத்தில் இருப்பான். நாளை காலை ஐந்து மணிக்குப் படகுகள் புறப்படுவதால் இன்று மந்திரிப்பு. பஸ்ஸில் போகும்போதே மூன்று வாக்கியங்கள் தயார் செய்துகொண்டேன். அட்டையைத் தவறாக வாசித்துவிட்டார்கள். ஸ்பிரிங்குகளைச் சுடவில்லை. படகுகளை நிறுத்து.

துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. சாமியார் ஒவ்வொரு படகாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். பின்னால் குழந்தைகள், கொடிகள், பூமாலைகள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் இங்கே வந்ததில்லை. மச்சாது என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துத் தன் அண்ணன் படகுக்குள் இழுத்துப் போனான்.

"எல்லாரும் இங்க பாருங்க. இவருதான் எங்க சார்."

சார் என்றான்.

"இந்த ஸ்பிரிங்கு முழுக்கச் சார் படிப்பு. நாலு வருசத்துக்கு முன்னாலயே எழுதி வச்சிட்டாரு. எங்களுக்குத்தான் வாசிக்க அறிவில்ல."

ரெமிஜியுஸ் பெரிய உருவம். வின்ச்சைக் காட்டினான். பிரேக் மூடியைக்கூடத் துடைத்து மாலை போட்டிருந்தார்கள். "வெள்ளிக் கொலுசு மாதிரி இருந்துச்சு சார் மாட்டும்போது" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். வலது கை. காய்ப்புக் காய்ப்பாக, மரப்பட்டை மாதிரி. அவன் மனைவி எனக்கென்று ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். ஒரு கிழவர் எழுந்து கும்பிட்டார். சாமியார் என்னிடம் எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்டார். சொன்னேன். "அப்படிப்பட்டவர் இங்கே இருக்கிறீரே" என்றார்.

கலர் கொடுத்தார்கள். குடித்தேன். கேக் கொடுத்தார்கள்.

பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஜூன் 15

ஐந்து மணிக்குப் போயிருக்கும்.

ஜூன் 16

ஒன்றும் நடக்கவில்லை. படகுகள் எல்லாம் கரை திரும்பிவிட்டன. நல்ல இறால் என்று பேச்சு. நான் தேவையில்லாமல் கவலைப்படுகிறவன்.

ஜூன் 18

ரெமிஜியுஸின் வலது கை போய்விட்டது.

முற்பகல் பதினொன்று. வலை பாதி மேலே வந்திருக்கும்போது பிரேக் விட்டிருக்கிறது. கயிறு அவன் கையை உருளைக்குள் இழுத்துக்கொண்டது. கரைக்கு வர இரண்டரை மணி நேரம். மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பிரேக்கைத் திறந்து பார்த்தால் நான்கில் மூன்று ஸ்பிரிங் துண்டு துண்டாக.

மச்சாது ஆஸ்பத்திரியிலிருந்தே எல்லாப் படகுக்கும் போன் செய்து திரும்ப வரச் சொல்லிவிட்டான். ஒரு மணி நேரத்தில் செய்துவிட்டான்.

ஜூன் 19

கழற்றியதில் அறுபத்தெட்டு ஒடிந்திருக்கின்றன. ஒன்றில்கூடத் துரு இல்லை.

ஜூன் 20

முதலாளி வந்திருந்தார். முலாம் போட்ட பெண்கள் அவசரத்தில் ஏதோ கெடுத்துவிட்டார்கள் என்கிறார். ஐந்து பேரையும் வேலையை விட்டு நிறுத்தப் போகிறாராம். என்னை அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்.

மூன்று மணிக்குப் பேச்சித்தாய் சோதனை அறைக்கு வந்தாள். அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சார், நீங்க எழுதுனபடிதான செஞ்சோம்? ஒவ்வொன்னா வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்க. அமிலம், அலசல், முலாம், அலசல், உலத்தல், பேக்கிங். எதுல தப்பு?"

அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசி வரியில் நின்றது. எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும்?

"இது அந்தப் பேக்கிங் இல்லை. அடுப்பில் சுடுவது. அதற்கும் பேக்கிங் என்றுதான் பெயர்."

அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அடுப்புல வச்சுச் சுடுன்னு எழுதியிருந்தா சுட்டிருக்க மாட்டமா சார்? நாங்க என்ன, சுடத் தெரியாதவளுகளா?"

அப்புறம் சொன்னாள்: "அன்னைக்கு அடுப்புக்குள்ள எங்க சோத்துச் சட்டியப் பாத்துட்டுச் சிரிச்சியள்ளா..."

அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 23

அறிக்கை கொடுத்தேன். தமிழில், ஒரு பக்கம். 'பேக்கிங்' என்ற சொல் இரண்டு பொருள் தந்ததால் சுடும் வேலை விடுபட்டது, அட்டையை எழுதியவன் நான், பெண்கள்மீது தவறில்லை. கீழே பெயர், கையெழுத்து.

உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன். தேதிகளை யாரும் கேட்கவில்லை, நான் எழுதவில்லை.

முதலாளி வாசித்துவிட்டு மச்சாதுவிடம் நீட்டினார். பெண்கள் வேலையில் இருப்பார்கள். மச்சாது இரண்டு முறை வாசித்தான். கண் சிவந்திருந்தது; ஐந்து நாளாகத் தூங்கவில்லையாம். "எழுதச் சொன்னது நான்தான அண்ணாச்சி. நானும் வாசிச்சுட்டுத்தான மாட்டுனேன். எனக்கும் தோணலயே" என்றான்.

ஜூன் 28

ஞாயிறு. நான் குளித்துக்கொண்டிருந்தபோது மச்சாது வந்திருக்கிறான். என் வீட்டுக்கு இதுதான் முதல் தடவை. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் கூடத்தில் அவன் பேச்சுக் கேட்டது.

"ரெமி அண்ணன் வீட்டுல குடுத்தனுப்புனாவ மைனி. சீலா மீன். அண்ணாச்சி மனசு ஒடஞ்சு போயிருப்பாரு, போய்ப் பாத்துட்டு வான்னு அண்ணன்தான் வெரட்டுனான். தப்பு யாருக்கும் வரும். அவர ஆபீசுல ஒரு சொல் யாரும் சொல்ல விட மாட்டேன்."

"அவுக சரியாவே சாப்பிடதில்ல தம்பி" என்றாள் கோமு. பிறகு அவள் குரல் மாடிப்படிப் பக்கம் நகர்ந்தது. "இங்க பாருங்க, வீட்டுலயும் உங்க ஆபீஸ் வேலதான். இது உங்க ஸ்பிரிங்குதான? ஒன்னொன்னும் எப்ப ஒடையுதுன்னு நான்தான் எழுதி வைக்கேன். நேரம்கூடப் போட்டிருக்கேன்."

நான் கூடத்துக்கு வந்தபோது மச்சாது பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். சீட்டுகளை ஒவ்வொன்றாக, குழந்தை எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தான்.

"மே பதினொன்னு. காலை பதினொன்றரை."

"மே பதினாலு."

"மே பதினஞ்சு."

ஏழு சீட்டையும் வாசித்தான். கோமுவின் எழுத்து அவ்வளவு தெளிவு. கடைசிச் சீட்டை வாசித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஒடிந்த துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் புரட்டினான். கோமு என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

எழுந்து என் எதிரே வந்து நின்றான். கோபமாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கோபம் இல்லை.

"பதினாலாந் தேதி துறைமுகத்துக்கு எதுக்கு வந்திய, சார்?"

பிறகு ஸ்பிரிங் துண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கோமுவிடம் "வாரேன் மைனி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"என்னங்க, சார்ங்குது அந்தத் தம்பி?" என்றாள் கோமு.

ஜூன் 29

சொல்லத்தான் வந்தேன்.